ஐம்பத்தைந்து திர்ஹம் பொறி

வியாழன் இரவு பத்தரைக்கு
பதாயர் மணல்மேட்டின் கீழே
எங்கள் தகரக் கொட்டகைக்கு ஹுமைத் வந்தான்.
பிக்கப்பில் கயிறு கட்டிப் படுத்திருந்தது
அவனுடைய டூ ஸ்ட்ரோக் இருநூற்றைம்பது.
கையில் ஒரு சின்னப் பெட்டி.
மோதிரம் வாங்கி வந்தவன் மாதிரி
இரண்டு விரலால் பிடித்திருந்தான்.

"இரிடியம், யா ததேயு.
ஐம்பத்தைந்து திர்ஹம்.
இதைப் போடு. மூன்று குதிரை கூடும்."

ஐம்பத்தைந்து.
என் ஒருநாள் சம்பளத்துக்கு மேலே
இரண்டு திர்ஹம்.

பதினோரு வருடமாகப் பிளக் கழற்றுகிறேன்.
பன்னிரண்டு திர்ஹம் நிக்கலும் பொறிதான் விடும்,
இதுவும் பொறிதான் விடும்.
காற்றும் பெட்ரோலும் உள்ளே எவ்வளவு போனதோ
அவ்வளவுதான் வெடிக்கும்.
தீக்குச்சியைச் சந்தனத்தில் செய்தால்
உலையில் அரிசி கூடிவிடுமா?

இதையெல்லாம் சொல்ல என் அரபி போதாது.
"மாஃபி ஃபர்க். சேம் சேம்" என்றேன்.
அவன் முகம் சுருங்கியது.
காலையில் வருகிறேன் என்று
வண்டியை இறக்கிவிட்டுப் போனான்.

பிளக்குக்கு ஒரு முகம் உண்டு.
வண்டி நன்றாக இருந்தால்
பால் குறைத்துப் போட்ட டீயின் நிறம்.
வெளுத்திருந்தால் காய்ச்சல்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
இது கரி. பிசுக்கோடு கரி.
மூச்சு முட்டியவனின் முகம்.

ஏர் ஃபில்டரைத் திறந்தால்
உள்ளே பாதிப் பாலைவனம்.
சிவப்பு மணல், சலித்த மாவாக,
பஞ்சின் ஒவ்வொரு துளையிலும்.
மண்ணெண்ணெயில் அலசினேன்,
சோப்பில் பிழிந்தேன்,
மின்விசிறிக்கு முன்னால் காயப்போட்டு
எண்ணெய் தடவி மாட்டினேன்.
பழைய பிளக்கைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து
இடைவெளி அளந்து
அதையே திருகினேன்.
பெட்டி என் சட்டைப் பையில்.

வெள்ளி, ஆறு மணி.
மணல் இன்னும் குளிர்ந்து இறுகிக் கிடந்தது.
ஜோமர் போனில் நேரம் பிடித்தான்.
அடிவாரத்திலிருந்து உச்சிக்கு
பன்னிரண்டு வினாடி.
போன வாரம் பதினைந்து, ஹுமைதே சொன்னது.
இறங்கி வந்தவன்
ஹெல்மெட்டோடு என்னைக் கட்டிக்கொண்டான்.
"பார்த்தாயா இரிடியத்தை!"
இருபது திர்ஹம் என் உள்ளங்கைக்குள் மடிந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம்.
கட்டிக்கொண்டபோது
பெட்டியின் மூலை நெஞ்சில் குத்தியிராவிட்டால்
இருந்திருப்பேன்.

எடுத்து நீட்டினேன்.
பிரிக்காத பெட்டி.

அவன் பெட்டியைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்.
ஜோமர் போனுக்குள் புகுந்துகொண்டான்.
தூரத்தில் யாரோ டயரின் காற்றை இறக்கும் சத்தம்.
"சரி," என்றான் கடைசியில்,
"இப்போது இதைப் போடு."

போட்டேன். மூன்று ஓட்டம்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
பதினொன்று புள்ளி ஒன்பது.
ஜோமர் அட்டைப்பெட்டியில் எழுதிவைத்தான்.
அந்த வித்தியாசத்தை
காற்று ஒருமுறை பெருமூச்சு விட்டே கொடுத்துவிடும்.

மூன்றாவதில் உச்சியில் சரிந்தான்.
வண்டி பக்கவாட்டில் விழுந்து
பெட்ரோல் குடித்து மூழ்கியது.
பழைய பிளக் என்றால்
பதினைந்து உதை, கொஞ்சம் கெட்ட வார்த்தை.
இது இரண்டாவது உதையில் பிடித்தது.
நான் பார்த்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.
வலு கூடவில்லை,
விழுந்தால் எழுந்துவிடுகிறது.

ஐம்பத்தைந்துக்கு அது அதிகமா, குறைவா?
கீழே நின்றவன் ஒன்று சொல்வான்,
நடுமதியத்தில் மேட்டில் மாட்டியவன்
வேறொன்று சொல்வான்.

ஹுமைத் அந்த அட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை.
இருபது திர்ஹத்தைக் கேட்கவும் இல்லை.
அவனது பழைய பிளக்
எங்கள் வாடகை வண்டி ஏழில் ஓடுகிறது,
டீ நிறத்தில்.

அடுத்த வியாழன்
நான்கு பிக்கப், நான்கு பையன்கள்,
நான்கு சின்னப் பெட்டிகள்.
"ஹுமைத் சொன்னான்," என்றார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஜோமர் அதற்குள்
மண்ணெண்ணெய் வாளியை
வெளியே எடுத்து வைத்திருந்தான்.